லாபம், இரண்டு, மூன்று

அம்மப்பா ஆட்களை எண்ணும்போது "ஒன்று" என்று தொடங்க மாட்டார். "லாபம்" என்பார். லாபம், இரண்டு, மூன்று, நான்கு. நெல் அளக்கிறவர்களின் பழக்கம் அது. அவருடைய தாயின் ஊர் தம்பலகாமம். சூடு மிதித்துத் தூற்றி முடிந்து, களவெட்டியில் மரைக்காலால் முதல் அளவை அள்ளும்போது ஒன்று என்ற சொல் வாயில் வரக் கூடாதாம். ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடும். லாபம் என்று தொடங்கினால் பொலி பெருகும்.

நெல்லுக்குச் சரி. அவர் மனிதர்களை அல்லவா அப்படி எண்ணினார்!

"ஆக்களை எண்ணாதேங்கோ, கண்ணூறு பட்டுப்போம்" என்று அம்மம்மா சத்தம் போடுவார்.

"அதுக்குத்தானே லாபம் எண்டு தொடங்கிறன்" என்பது அம்மப்பாவின் பதில். இந்தச் சண்டையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

எங்கே போனாலும் எண்ணுவார். எங்கள் திருகோணமலையில் கோணேசர் கோவிலுக்கு ஏறும் முன் கோட்டை வாசலில் ஒருமுறை, இறங்கி வந்ததும் மான்கள் மேயும் மரத்தடியில் ஒருமுறை. கலியாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்த பிறகு. பஸ்ஸில் ஏறிய பிறகு. வலது கை ஆள்காட்டி விரலை ஒவ்வொருவர் தலைக்கு நேராகவும் மெதுவாக நீட்டுவார். அந்த விரலில் நகம் கிடையாது, எப்போதோ எஞ்சின் பெல்ட் ஒன்று கொண்டுபோய்விட்டது. பள்ளிக்கூடத் தோழர்கள் முன்னால் அந்த நகமில்லாத விரல் என் தலைக்கு நேராக வரும்போது எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருக்கும்.

அவர் பிறந்தது 1927. கல்லோயாச் சந்தியிலிருந்து திருகோணமலைக்கு ரயில் பாதை திறந்த வருடமும் அதுதான். "நானும் ரயிலும் ஒரு வயசு, ஆனா நான் நேரத்துக்கு வருவன்" என்பார். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் நான் வந்து இறங்கும் காலைகளில் எல்லாம், அது பிந்தி வந்தாலும் வராவிட்டாலும், இந்தப் பகிடி உண்டு.

எண்ணும் பழக்கம் லோஞ்சில், சனத்தை ஏற்றிக் குடாவைக் கடக்கும் எஞ்சின் படகில், வேலை செய்ததால் வந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அது முழுக்க உண்மையில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு மழை இரவு, மின்சாரம் இல்லை, குப்பி விளக்கு. எதற்கென்று தெரியாமல் அவரே தொடங்கினார்.

1942 சித்திரை. அந்த ஞாயிறு, ஈஸ்டர் அன்று, கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டிருந்தான். அடுத்தது நாங்கள்தான் என்று ஊருக்குத் தெரியும். இவ்வளவு பெரிய துறைமுகத்தை வைத்துக்கொண்டு தெரியாமல் இருக்குமா? வியாழக்கிழமை, 9ஆம் திகதி காலை விமானங்கள் வந்தன. அவருக்குப் பதினைந்து வயது, வீட்டில் மூத்தவர். கீழே நான்கு தம்பி தங்கைகள். தாயின் ஊருக்கே போய்விடலாம் என்றால் தம்பலகாமத்துக்குச் சீனக்குடாவைத் தாண்ட வேண்டும், குண்டு விழுந்துகொண்டிருந்ததே சீனக்குடாவில்தான். அதனால் கன்னியாப் பக்கம் நடந்தார்கள். வழியெல்லாம் சனம், மாட்டு வண்டில், கோழிக்கூடு, தையல் மெசின். "நாலு பேரையும் நீ பார்த்துக்கொள்" என்று தாய் சொல்லியிருந்தார்.

கன்னியாவில் போய் நின்று எண்ணினால் மூன்று.

கடைசித் தங்கை, நான்கு வயது. யாரோ அயலவர் இரக்கப்பட்டுத் தங்கள் வண்டிலில் தூக்கி வைத்திருந்தார்கள், அவள் சாக்குகளுக்கு நடுவே தூங்கிவிட்டாள். பொழுது படுவதற்குள் கிடைத்துவிட்டாள். சீனக்குடாவில் விமானமொன்று எண்ணெய்த் தாங்கியின் மேல் விழுந்து, அந்தத் தாங்கி ஏழு நாள் எரிந்தது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற பெரிய விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. அம்மப்பா சொன்ன கதையில் புகை மட்டும்தான் கொஞ்சம் வந்தது. மற்றதெல்லாம் அந்த அரை நாள்.

"அம்மா அடிக்கேல்ல ராசா. ஒரு சொல்லும் சொல்லேல்ல. பொழுதுபட மட்டும் என்ர முகத்தைப் பாக்கேல்ல" என்றார். பிறகு விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டார்.

பதினெட்டு வயதில் பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட்டில் சேர்ந்தார். பிட்டர் வேலை. ஆங்கிலப் பள்ளிக்கூடம் எட்டிப் பார்க்காதவர், ஆனால் ஸ்பனர் அளவுகளும் வெள்ளைக்கார மேலாளின் கெட்ட வார்த்தைகளும் தண்ணிபட்ட பாடு. நாடு 1948இல் சுதந்திரம் அடைந்தாலும் துறைமுகம் பிரித்தானியக் கடற்படையிடமே இருந்தது. 1957இல்தான் அது கைமாறியது. பண்டாரநாயக்கா காலம். கொடி இறங்கியபோது சந்தோசப்பட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன்.

"கொடி இறங்கினது சந்தோசம். சம்பளமும் இறங்கிப்போச்சு" என்றார்.

டொக்யார்ட் வேலையை நம்பி வாழ்ந்த ஊர் இது. துறைமுகம் நாட்டுக்கு வந்தது, வேலை பலருக்குப் போனது. வரலாற்றுப் பாடத்தில் முதல் பாதி மட்டும்தான் இருந்தது. அவர் முப்பது வயதில், இரண்டு பிள்ளைகளோடு, ஒரு தகரப் பெட்டி நிறைய ஸ்பனர்களோடு வீட்டுக்கு வந்தார். பெட்டி நீதியான வழியில்தான் வெளியே வந்ததா என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

அப்புறம் மூதூர் லோஞ்ச்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது விளங்க வேண்டுமென்றால் கொட்டியாரக் குடாவை மனதில் விரித்துக்கொள்ள வேண்டும். திருகோணமலையிலிருந்து பார்த்தால் மூதூர் எதிரே தெரிகிற கரை. தரைவழியே போவதென்றால் கிண்ணியாவில் தொடங்கி, ஆறும் களப்புமாக, பாதைக்கு மேல் பாதை. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் றோட்டு இல்லை. வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு துறையைக் கடக்கும் மிதவைக்குத்தான் அந்தப் பெயர். ஒரு பாதையைத் தவறவிட்டால் அரை நாள் போய்விடும். ஆகவே சனம் லோஞ்சில் போனது. கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலப் பயணம்.

தண்டையல் மேலே சுக்கான் பிடிப்பார். அம்மப்பா கீழே எஞ்சினோடு. தண்டையல் கயிற்றை இழுத்து மணி அடிப்பார், அந்தச் சத்தத்துக்கு இவர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வருடக்கணக்காக வேலை செய்தார்கள். தண்டையல் மூதூர் முஸ்லிம் மனிதர், அம்மப்பாவை "மச்சான்" என்பார். நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து போகும். அவருடைய பேரப்பிள்ளைகள் அம்மப்பாவின் செத்த வீட்டுக்கு வந்து பந்தல் கட்ட நின்றார்கள்.

லோஞ்சில் யார்தான் ஏறவில்லை! காலையில் கந்தோருக்கு வரும் கிளாக்கர்மார், தயிர்ச் சட்டிகளை வைக்கோல் பிரியில் வைத்து அடுக்கிக்கொண்டு வரும் எருமைக்காரர்கள், சம்பூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள், ஆடு, சைக்கிள், ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைத்தாச்சி. ஒருமுறை நடுக்குடாவில் பிள்ளை பிறந்தேவிட்டதாம். ஏறும்போது எண்ணியது அறுபத்துநாலு, இறங்கும்போது அறுபத்தைந்து. தன் வாழ்க்கையில் கணக்குப் பிழைத்துச் சந்தோசப்பட்ட ஒரே நாள் அதுதான் என்பார்.

எண்ணுவது எஞ்சின்காரரின் வேலையே இல்லை, ரிக்கெற் கிழிக்கிறவரின் வேலை. ஆனால் இவர் கொட்டன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, தானே எண்ணிப் பார்த்த பிறகுதான் எஞ்சினைத் தொடுவார். வெருகல் திருவிழாக் காலத்தில் சனம் முண்டியடிக்கும். அப்படி ஒரு நாள் பலகையில் எழுதியிருந்த தொகைக்கு மேல் இருபது பேர். "எடு, எடு" என்று ஒரு பெரிய உத்தியோகத்தர் அதட்டியிருக்கிறார். அம்மப்பா ஒன்றும் பேசவில்லை. எஞ்சினைச் சுழற்றித் தொடக்கும் ஹான்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்குதுறையில் போய்க் குந்தி வெற்றிலை போடத் தொடங்கிவிட்டார். இருபது பேர் இறங்கும் வரை மென்றுகொண்டே இருந்தாராம். உத்தியோகத்தரும் இறங்கியவர்களில் ஒருவர் என்பது அம்மம்மா சேர்த்துக்கொண்டதாக இருக்கலாம். அம்மம்மா கதைக்கு உப்பு கூடப் போடுவார்.

மூதூருக்கு வந்து இறங்கும் வெள்ளைக்காரப் பயணிகள் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் பிடிபட்ட இடத்தை விசாரிப்பார்கள். 1660இல் இந்தக் குடாவில் கப்பலை விட்டு இறங்கியவர்களைக் கண்டி ராசாவின் ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். நொக்ஸ் தப்பிப் போக ஏறக்குறைய இருபது வருடம் எடுத்தது. அம்மப்பாவுக்கு அந்தக் கதையில் ஒரே ஒரு அபிப்பிராயம்தான்: "இறங்கின ஆக்களை எண்ணாமல் விட்ட கப்பித்தான்." கப்பித்தான் நொக்ஸின் சொந்தத் தகப்பன், அவரும் சேர்ந்தே பிடிபட்டார் என்று நான் புத்தகத்தைக் காட்டியபோது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாவம்" என்றார்.

1964 மார்கழிச் சூறாவளியைப் பற்றி அவரிடம் அதிகம் கேட்டு வைக்காமல் விட்டது என் பிழை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன அதே சூறாவளி, இங்கே எங்கள் ஊரையும் உலுப்பிவிட்டுத்தான் போனது. அன்றிரவு அவர் லோஞ்சை விட்டு வரவில்லை, விடிய வந்தபோது உள்ளங்கைகளில் கயிறு அறுத்த காயம், அவ்வளவுதான் அம்மாவுக்கு நினைவிருக்கிறது.

அவருடைய எண்ணிக்கையில் ஒரு குறை இருந்தது. தன்னை எண்ண மாட்டார். லோஞ்சில் அதுதான் முறை, பயணிகளைத்தான் எண்ணுவது, வேலையாட்களை இல்லை. அந்த முறையை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நாங்கள் ஒன்பது பேர் போனால் எட்டு என்பார். அம்மம்மா விடுவாரா? ஆற்றைக் கடந்த பிறகு, எண்ணுகிறவன் ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் குறைகிறான் என்று அழுத மடையர்கள் கதையை உடனே எடுத்துவிடுவார். "உங்களையும் எண்ணுங்கோவன்" என்று சொல்லிச் சிரிப்பார். சின்ன மாமாதான் அதற்குப் பக்கப்பாட்டு.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. சைக்கிள் கடை வைத்திருந்தார். எந்த வாகனத்திலும் கடைசியாக ஏறுவார், உள்ளே இடமிருந்தாலும் வாசலிலேயே தொங்கிக்கொண்டு நிற்பார். சீ.ரீ.பி. பஸ்ஸின் புட்போர்ட் அவருக்குச் சொந்த வீடு மாதிரி. அம்மப்பாவின் விரல் எல்லாத் தலைகளையும் சுற்றிவந்து கடைசியில் வாசல் பக்கம் நீளும். மாமா அங்கே நின்று சல்யூட் அடிப்பார்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. உப்புவெளி வீட்டை விட்டு ஒரு பள்ளிக்கூடத்தில் போய் இருந்தோம். ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பம், நடுவில் சேலை மறைப்பு. அம்மப்பா இரவில் மூன்று நான்கு தடவை எழும்பி டோர்ச் வெளிச்சத்தை நிலத்தில் அடித்து எண்ணுவார். பக்கத்துக் குடும்பத்தையும் சேர்த்து எண்ணுவார், அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, வீட்டில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று சின்ன மாமா சைக்கிளில் போனார்.

மாடு அவிழ்க்கப்பட்டிருந்தது. அது பிறகு தானாகவே வந்து சேர்ந்தது. சைக்கிளும் மாமாவும் வரவில்லை.

அம்மப்பா போகாத இடமில்லை. கொடுக்காத மனு இல்லை. மாமாவின் அடையாள அட்டைப் பிரதி மடித்து மடித்து நான்காகக் கிழிந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் ஊரில் இதை எழுதக்கூடிய வீடுகள் பல இருக்கின்றன.

மறு வருடம் உப்புவெளிக்குத் திரும்பினோம். வாழ்க்கை ஒரு மாதிரி ஓடத் தொடங்கியது. கோவிலுக்குப் போகவும் தொடங்கினோம். முதல் முறை பஸ்ஸில் ஏறியதும் அம்மப்பாவின் விரல் எழும்பியது. லாபம், இரண்டு, மூன்று... ஏழு என்றார். நாங்கள் ஏழு பேர்தான். கணக்கு சரியாக வந்துவிட்டது! ஒருவழியாகத் தன்னையும் எண்ணப் பழகிவிட்டார் என்று நான் நினைத்தேன். அம்மம்மாவைப் பார்த்தேன், மடையர் கதையை வைத்து ஏதாவது சொல்லுவார் என்று. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். 2001இல் கண்ணை மூடும் வரை அந்தக் கதையை அம்மம்மா பிறகு சொன்னதே இல்லை.

2004 மார்கழி 26, ஞாயிறு, பௌர்ணமிப் போயா தினம். கடல் வருகுது என்ற சத்தம் கேட்டபோது அம்மப்பா முற்றத்தில் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தேழு வயது மனிதர், ரேடியோவை விட்டார், செருப்பை விட்டார். மேட்டுப் பக்கம் ஓடி நின்றதும் எண்ணத் தொடங்கினார். எங்களை எண்ணி முடிந்ததும் பக்கத்தில் நின்ற ஒரு தாய், அழுதுகொண்டே, "ஐயா, என்ர பிள்ளையளையும் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ, எனக்கு எண்ண வருதில்ல" என்றாள். அவள் கண்முன்னாலேயே மூன்று பிள்ளைகள் நின்றன. அவளுக்கு எண்ண வரவில்லை. அம்மப்பா ஒவ்வொரு தலையிலும் கையை வைத்து எண்ணினார். லாபம். இரண்டு. மூன்று. பிறகு அவளைச் சுற்றி நின்றவர்களும் கேட்கத் தொடங்க, அந்த வெயிலில் வெறுங்காலோடு குடும்பம் குடும்பமாக எண்ணிக்கொண்டே போனார். பள்ளிக்கூட நாட்களில் அந்த விரலுக்கு வெட்கப்பட்டவன் நான்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தது. அப்போது இலங்கையிலேயே நீளமான பாலம். பிறகு மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வர, மூதூருக்கு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் இறங்கத் தேவையில்லை என்றாயிற்று. அவரைக் காரில் கூட்டிப் போனேன். பாலத்தின் நடுவில் நிற்பாட்டச் சொன்னார். கீழே தண்ணீரைப் பார்த்தார். "நல்ல வேலை" என்றார். பிட்டர் ஒருவரின் வாயிலிருந்து அதற்கு மேல் புகழ்ச்சி வராது. கொஞ்சத் தூரம் போனதும், "ஆனா இதில ஆரு ஆக்களை எண்ணுறது?" என்று கேட்டார்.

2014இல், எண்பத்தேழு வயதில், நித்திரையிலேயே போனார். அந்த வருடம் சிவராத்திரி நகர்வலம் பார்க்க வான் பிடித்துப் போயிருந்தோம். அதுதான் அவரோடு எல்லோரும் சேர்ந்து போன கடைசிப் பயணம். முன் சீற்றில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி எண்ணினார். பன்னிரண்டு என்றார். சரியாகப் பன்னிரண்டு பேர் இருந்தோம். "எடுங்கோ தம்பி" என்றார் ட்ரைவரிடம்.

எங்கள் ஊரில் செத்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகிற வழக்கம் உண்டு. தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் ஊன்றி உண்டாக்கியது என்று கதை. ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. முப்பத்தோராம் நாள் வீட்டில் காரியங்களை முடித்துக்கொண்டு நீராடப் போனோம், அதே வான், அதே ட்ரைவர். குளித்து முடித்து ஈரத் தலையோடு எல்லோரும் ஏறினார்கள். முன் சீற்றில் அம்மா மட்டும்.

"எல்லாரும் ஏறியாச்சே?" என்று ட்ரைவர் கேட்டார்.

யாரும் பதில் சொல்லவில்லை. எண்ணுவது யார் என்று தெரியாமல் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான்தான் எண்ணினேன். லாபம் என்று சொல்ல வாய் வரவில்லை, மனதுக்குள் எண்ணினேன்.

"பதினொண்டு" என்றேன்.

"பன்னிரண்டு" என்றார் அம்மா.

"இல்லையம்மா. அம்மப்பா இல்லைத்தானே. பதினொண்டு."

அம்மா திரும்பவில்லை. "அவர் எப்ப ராசா தன்னை எண்ணினவர்?" என்றார்.

வானின் பக்கக் கதவு இன்னும் மூடாமல் இருந்தது. அம்மா கையை நீட்டி அந்த வாசலைக் காட்டினார், விரலைச் சற்று உயர்த்தி, ஒருவர் அதில் தொங்கிக்கொண்டு நின்றால் தலை இருக்கக்கூடிய உயரத்துக்கு.

"பன்னிரண்டு. எடுங்கோ தம்பி."